பிரீமியம் கட்டினா போதுமா? மேடையில் ஸ்ட்ரீமிங் ஆப் வைத்து டி.ஜே. போடுபவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய உரிமக் கணக்கு!

"ஏல மாப்ள, மாசாமாசம் பிரீமியம் கட்டுதேன்லா... பொறவு எதுக்கு இன்னொரு லைசென்ஸ் கேக்காவ?"

பாளையங்கோட்டையில் இருக்கும் என் மாமா மகன் போனில் கேட்ட கேள்வி இது. பகலில் மொபைல் சர்வீஸ் கடை. முகூர்த்த நாள் வந்துவிட்டால் டி.ஜே. வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு ஹோட்டலில் புத்தாண்டு இரவு நிகழ்ச்சிக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தான். "மியூசிக் லைசென்ஸ் பேப்பர் உங்க பொறுப்பு" என்று ஹோட்டலில் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி வந்திருக்கிறது. அவனும் அசராமல் தன் ஸ்பாட்டிஃபை பிரீமியம் ரசீதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டான். "இது இல்லை தம்பி" என்று பதில் வந்த பிறகுதான் எனக்கு போன்.

அவன் ஒருத்தன் மட்டுமில்லை. பாபநாசத்தில் இருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரையில் இன்று கல்யாண ரிசப்ஷன், பிறந்தநாள், காலேஜ் விழா எதுவாக இருந்தாலும் லேப்டாப்பும் கண்ட்ரோலரும் தூக்கிக்கொண்டு வரும் இளைஞர்கள் நிறையப் பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. காசு கட்டிக் கேட்கும் பாட்டை மேடையில் போட்டால் என்ன தப்பு? கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ரேடியோ செட் காலத்தில் யாரும் கேட்கலையே?

நெல்லைப் பக்கம் இதற்கு 'ரேடியோ செட்' என்றுதான் பெயர். மரத்தில் கட்டிய குழாய், பெட்டி பெட்டியாக இசைத்தட்டு, அப்புறம் கேசட், சி.டி., பென்டிரைவ். வேண்டிய பாட்டை எல்லாம் பேப்பரில் எழுதிக் கொடுத்து, கடையில் கேசட்டில் பதிந்து வாங்கிய தலைமுறை இப்போதும் நம் வீடுகளில் இருக்கிறது. சட்டம் அப்போதும் இருந்தது. பதிப்புரிமைச் சட்டம் வந்த ஆண்டு 1957. ஆனால் ஒரு கிராமத்துக் கொடையில் என்ன பாட்டு ஓடியது என்பது அந்த ஊர் எல்லையைத் தாண்டாது.

இப்போது? நிகழ்ச்சிக்கு இன்ஸ்டாவில் போஸ்டர், நடக்கும்போதே லைவ், மறுநாள் ரீல்ஸ். யார், எங்கே, எந்தப் பாட்டைப் போட்டார்கள் என்ற ஆதாரத்தை நாமே தேதி போட்டு இணையத்தில் வைக்கிறோம். கேள்வி கேட்பது அவர்களுக்கு சுலபமாகிவிட்டது.

வீட்டு சிலிண்டரும் ஹோட்டல் சிலிண்டரும்

வீட்டுக்கு வாங்கும் 14.2 கிலோ சிலிண்டரிலும் ஹோட்டலுக்கு வாங்கும் 19 கிலோ சிலிண்டரிலும் எரிவது என்னவோ கேஸ்தான். காசு கொடுத்துத்தான் இரண்டையும் வாங்குகிறோம். ஆனால் வீட்டு சிலிண்டரை டீக்கடையில் வைத்தால் அதிகாரி வந்து தூக்கிக்கொண்டு போவார். "நான் காசு கொடுத்து வாங்கினது சார்" என்று சொல்ல முடியாது.

ஸ்ட்ரீமிங் சந்தாவும் அப்படித்தான். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் ஆகியவற்றின் பயன்பாட்டு விதிமுறைகளைத் திறந்து பார்த்தால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும்: தனிப்பட்ட, வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். நாம் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்திய அதே பக்கம்தான். பொது இடத்தில் ஒலிக்க விடுவது அதில் சேராது. பிரீமியம் கட்டினால் விளம்பரம் போகும், ஆஃப்லைன் வசதி வரும். மேடை உரிமை வராது.

ஏன் அந்த நிறுவனங்கள் இதைத் தரவில்லை? அவர்களிடமே அது இல்லை என்பதுதான் பதில். இசை நிறுவனங்களிடம் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு, கேட்பவரின் போன் வரை பாட்டைக் கொண்டுபோகும் உரிமையைத்தான் அவர்கள் வாங்குகிறார்கள். வானொலிக்கு இருப்பது போல, சட்டம் நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பாட்டை எடுத்துக்கொள்ளும் வசதி இணைய ஸ்ட்ரீமிங்குக்குக் கிடையாது என்று டிப்ஸ் நிறுவனம் விங்க் செயலி மீது தொடர்ந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. தன் கையில் இல்லாததை ஆப் நமக்கு எப்படி விற்கும்?

அப்போ டி.ஜே. சாஃப்ட்வேரோடு எதுக்கு இணைக்கிறாங்க?

நியாயமான கேள்வி. இந்தக் கதையே ஒரு யூ-டர்ன். 'டிஜே' என்ற பிரபல மிக்ஸிங் செயலியில் ஸ்பாட்டிஃபை பாட்டுகளை நேரடியாக மிக்ஸ் செய்யும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. 2020 ஜூலையோடு அது நிறுத்தப்பட்டது. பிறகு 2025 மார்ச்சில் ஆப்பிள் மியூசிக் டி.ஜே.க்களுக்கான தனி இணைப்பை அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்பாட்டிஃபையும் ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, டிஜே ஆகியவற்றோடு திரும்பி வந்தது. கடை திறந்தாச்சு என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் திறந்தது தொழில்நுட்பக் கதவு மட்டும்தான். விதிமுறையில் அந்த 'தனிப்பட்ட, வணிக நோக்கமற்ற' வரி அப்படியே இருக்கிறது. வீட்டில் பயிற்சி எடுக்கலாம், நண்பர்களோடு வாசித்துப் பார்க்கலாம். சம்பளம் வாங்கி மேடையில் போடுவது வேறு கணக்கு. டி.ஜே.க்களுக்கென்றே இருக்கும் பீட்போர்ட் மாதிரி சேவைகளும் உண்டு. அவற்றின் பலம் எலக்ட்ரானிக் இசைதான். அதை நம்பி நம்ம ஊர் ரிசப்ஷனுக்குப் போக முடியாது. அதைப் பயன்படுத்தினாலும் பொது இடத்தில் ஒலிக்க விடும் உரிமம் தனிதான்.

இதில் இரண்டு வேறு பிரச்சினைகள் கலந்து கிடப்பதைக் கவனிங்க. ஆப் விதியை மீறுவது உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தச் சிக்கல், கணக்கை முடக்கலாம். பொது இடத்தில் உரிமம் இல்லாமல் பாட்டு போடுவது பதிப்புரிமைச் சட்டச் சிக்கல். அது நீதிமன்றம் வரை போகும். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று தானாகச் சரியாகாது.

ஒரு பாட்டுக்கு எத்தனை சொந்தக்காரங்க?

ஒரு சினிமாப் பாட்டில் சட்டம் பல அடுக்குகளைப் பார்க்கிறது. பாடல் வரி ஒரு படைப்பு. மெட்டு இன்னொரு படைப்பு. ஸ்டூடியோவில் பதிவான ஒலி மூன்றாவது. பாடியவருக்குக் கலைஞர் என்ற முறையில் தனி உரிமை. ஆக, மேடையில் ஒரு பாட்டு ஓடினால் குறைந்தது இரண்டு கதவைத் தட்ட வேண்டும். வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று.

இந்த அடுக்கு தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. 2017 மார்ச்சில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, தன் பாடல்களை அனுமதியில்லாமல் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பில் இருந்து நோட்டீஸ் போனது நினைவிருக்கும். 'பாடியவரே பாடக்கூடாதா?' என்று டீக்கடை வரை விவாதம் நடந்தது. பாடியவரும் இசையமைத்தவரும் வேறு வேறு உரிமைக்காரர்கள் என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் உறைத்தது.

வரிக்கும் மெட்டுக்கும் இந்தியாவில் உரிமம் தருவது ஐபிஆர்எஸ் அமைப்பு. 1969-ல் தொடங்கப்பட்ட இது, சட்டப்படி பதிவு செய்யப்பட்ட காப்புரிமைச் சங்கம். ஒலிப்பதிவு விஷயத்தில்தான் சிக்கல். அதற்குப் பிறகு வருவோம்.

கல்யாணத்துக்குத்தான் விலக்கு இருக்கே?

இருக்கு. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(இசட்ஏ) இதைத்தான் சொல்கிறது. உண்மையான மதச் சடங்கிலும், அரசு அல்லது உள்ளாட்சி அமைப்பு நடத்தும் அதிகாரபூர்வ விழாவிலும் பாட்டு ஒலிப்பது உரிமை மீறல் ஆகாது. அதோடு ஒரு விளக்கமும் சேர்த்திருக்கிறார்கள்: மதச் சடங்கு என்பதில் கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தோடு தொடர்புடைய மற்ற சமூகக் கொண்டாட்டங்களும் அடங்கும்.

மாப்பிள்ளை அழைப்பு, ரிசப்ஷன் எல்லாம் இதில் வந்துவிடும் என்பதுதான் பொதுவான புரிதல். கல்யாண வீடுகளில் ராயல்டி கேட்பதாகப் புகார்கள் போனதால், 2023 ஜூலை 24-ல் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இந்தப் பிரிவை எடுத்துக்காட்டி, இதற்கு முரணாக நடக்க வேண்டாம் என்று காப்புரிமைச் சங்கங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது.

அதோடு கதை முடியவில்லை. இதே அடிப்படையில் 2024 ஜனவரியில் கோவா அரசு ஒரு சுற்றறிக்கை போட்டது. கல்யாண நிகழ்ச்சிகளுக்கு ஹோட்டல்களோ சங்கங்களோ அனுமதி கேட்டு வற்புறுத்தக் கூடாது என்பது சாரம். இசை நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2024 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. சட்டம் தரும் விலக்கை ஒரு சுற்றறிக்கையால் நீட்டவோ வளைக்கவோ முடியாது என்பதுதான் அடிப்படை. ரத்தானது சுற்றறிக்கைதான், 52-வது பிரிவு இன்றும் இருக்கிறது. எந்த நிகழ்ச்சி அதற்குள் வரும் என்பதை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொடை, காலேஜ், நியூ இயர்: எது எந்தப் பக்கம்?

நம்ம ஊர் கணக்குக்கே வருவோம்.

• கோயில் கொடை: சுடலைமாடன் கோயிலில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடக்கிறது, பூஜை நேரத்தில் பக்திப் பாட்டு ஒலிக்கிறது என்றால் அது மதச் சடங்கின் பகுதி என்று வாதிடுவது எளிது. அதே கொடைக்கு மறுநாள் ராத்திரி தனி மேடை போட்டு, லைட் செட்டோடு டி.ஜே. நைட் வைத்தால், அதுவும் 'சடங்கு'தானா என்ற கேள்வி வரும். பதில் அவ்வளவு எளிதில்லை.

• காலேஜ் கல்ச்சுரல்ஸ்: பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கு இது முக்கியம். மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்வையாளர்களாக இருந்தால் சட்டத்தில் தனி விலக்கு உண்டு. வெளியாட்களுக்கு டிக்கெட் விற்றால் அந்த விலக்கு கைகொடுக்காது.

• அபார்ட்மென்ட் விழா: குடியிருப்பவர்களுக்கான பொது ஹாலில் பதிவு செய்த பாட்டை ஒலிக்க விடுவதற்கும் விலக்கு இருக்கிறது. ஹோட்டல் மாதிரி வணிக இடங்களுக்கு இது பொருந்தாது.

• புத்தாண்டு இரவு, ரெஸ்டாரன்ட் டி.ஜே. நைட், கடைத் திறப்பு விழா, கம்பெனி பார்ட்டி: இவற்றுக்கு மதமும் இல்லை, கல்யாணமும் இல்லை. உரிமம் வேண்டும். என் மாமா மகன் மாட்டியது இந்தக் கட்டத்தில்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கலாம். ஸ்டேஷனில் வாங்கும் ஒலிபெருக்கி அனுமதி வேறு, இது வேறு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. அது எவ்வளவு சத்தம், எத்தனை மணி வரை என்பதைப் பற்றியது. யாருடைய பாட்டு என்பதைப் பற்றியது இல்லை.

சரி, யார்கிட்ட வாங்கணும்? அங்கேதான் பெரிய சண்டை

ஒலிப்பதிவுகளுக்கு நீண்ட காலமாகப் பணம் வசூலிப்பது பிபிஎல் நிறுவனம். 1941-ல் தொடங்கியது; 400-க்கும் மேற்பட்ட இசை நிறுவனங்களின் உரிமைகள் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறது. ஆனால் இன்று அது பதிவு செய்யப்பட்ட காப்புரிமைச் சங்கம் இல்லை. 2021-ல் ஒலிப்பதிவுகளுக்கான சங்கமாகப் பதிவு பெற்றது ஆர்எம்பிஎல் என்ற வேறொரு அமைப்பு. நோவெக்ஸ் போன்ற தனியார் நிறுவனங்களும் சில இசை நிறுவனங்களின் உரிமையை எழுதி வாங்கி உரிமம் விற்கின்றன.

பதிவு பெற்ற சங்கமாக இல்லாதவர்கள் உரிமம் விற்கும் தொழிலைச் செய்யலாமா? இதில் முக்கியமான ஒரு தீர்ப்பு நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தது. நிறுவன நிகழ்ச்சிகளில் பாட்டு போட்டதாக டிஎக்ஸ்சி, காக்னிசன்ட் நிறுவனங்கள் மீது நோவெக்ஸ் வழக்கு போட்டது. 2021 டிசம்பர் 8-ல் நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி, பதிவு பெற்ற சங்கம் வழியாகத்தான் அந்தத் தொழிலைச் செய்ய முடியும் என்று தீர்ப்பளித்தார்.

2024 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் இதற்கு நேர் எதிராகச் சொன்னது: உரிமையாளர் தன் உரிமத்தைத் தானே விற்கலாம், சங்கமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, அஸூர் ஹாஸ்பிடாலிட்டி வழக்கில், ஆர்எம்பிஎல் நிர்ணயித்த கட்டணத்தின்படி பணம் கட்டினால் போதும் என்ற பக்கம் சாய்ந்தது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டண உத்தரவை நிறுத்திவைத்தது.

சுருக்கமாகச் சொன்னால், மூன்று உயர் நீதிமன்றம், மூன்று திசை. பணம் கட்டத் தயாராக இருப்பவருக்கே யாரிடம் கட்டுவது என்பதில் தெளிவில்லை. வக்கீல் வைத்துப் பேச ஹோட்டலுக்கு வசதி இருக்கும். ஒரு ராத்திரிக்கு சில ஆயிரம் சம்பளம் வாங்கி, அதிலும் கண்ட்ரோலருக்கு இஎம்ஐ கட்டும் பையனுக்கு?

மாட்டினா என்ன ஆகும்?

தெரிந்தே உரிமையை மீறினால் பிரிவு 63-ன் கீழ் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லாத சூழலில் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். இது போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பொறுப்பு டி.ஜே. தலையில் மட்டும்தானா? இல்லை. லாபத்துக்காகத் தன் இடத்தை உரிமம் இல்லாத இசைக்கு விட்டால், இடத்துக்காரரும் பொறுப்பு என்று பிரிவு 51 சொல்கிறது. 'எனக்குத் தெரியாது, தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை' என்று அவர் நிரூபித்தால்தான் தப்ப முடியும். அதனால்தான் ஹோட்டல்கள் அந்த ஒரு வரி வாட்ஸ்அப் மெசேஜில் பொறுப்பை டி.ஜே. பக்கம் தள்ளிவிடப் பார்க்கின்றன. நடைமுறையில் பொது நிகழ்ச்சி உரிமத்தை வாங்க வேண்டியவர் ஏற்பாட்டாளர் அல்லது இடத்துக்காரர்தான். அவர்களுக்குத்தான் கூட்டம் எவ்வளவு, டிக்கெட் எவ்வளவு என்ற கணக்கு தெரியும்.

பென்டிரைவ் தப்பிச்சிருமா?

"அப்போ ஆப்பே வேண்டாம், யூடியூப்ல டவுன்லோடு போட்டு பென்டிரைவ்ல கொண்டு போறேன்" என்றான் மாமா மகன். அது இன்னும் மோசம். பொது இடத்தில் ஒலிக்க விடுவது ஓர் உரிமை என்றால், நகல் எடுப்பது இன்னோர் உரிமை. கல்யாண வீட்டுக்கான விலக்கு பாட்டு ஒலிப்பதைத்தான் காப்பாற்றும். திருட்டுத்தனமாக எடுத்த நகலைக் காப்பாற்றாது. ஹோட்டலில் எல்லா உரிமமும் பக்காவாக இருந்தாலும் இதே கதைதான்.

பழைய பாட்டு என்றால் சும்மா போடலாமா? ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு காப்பு. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் அதை எழுதியவர், இசையமைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு. கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டாக இருந்தாலும் கணக்குப் பார்க்காமல் கை வைக்க முடியாது.

மத்த நாட்டுல எப்படி?

அமெரிக்காவில் கிளப், ஹோட்டலில் பாட்டு போட வரிக்கும் மெட்டுக்கும் மட்டும் உரிமம் வாங்கினால் போதும். மேடையில் ஓடும் ஒலிப்பதிவுக்கு அங்கே தனிக் கட்டணம் இல்லை. அதை ஆண்டுச் சந்தாவாக இடத்துக்காரரே கட்டிவிடுவார். பிரிட்டனில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே உரிமம், ஒரே ரசீது. ஜெர்மனியில் டி.ஜே. தன் தொழிலுக்காக நகல் எடுக்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் சிறு தொகை கட்டும் முறையை கெமா அமைப்பு 2013-ல் கொண்டுவந்தது. அங்கே எல்லாம் பணம் கட்டுவதில் முணுமுணுப்பு உண்டு. ஆனால் எங்கே கட்டுவது என்று தேட வேண்டியதில்லை.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

1. புக்கிங் எடுக்கும்போதே நிகழ்ச்சி என்ன வகை என்று எழுத்தில் வாங்குங்க. கல்யாணமா, கொடையா, டிக்கெட் நிகழ்ச்சியா என்பதில்தான் மொத்தக் கணக்கும் இருக்கு.

2. 'இசை உரிமம் ஏற்பாட்டாளர் பொறுப்பு' என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒப்பந்தம் இல்லை என்றால் வாட்ஸ்அப்பிலாவது அனுப்பி, 'சரி' என்ற பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்க. சட்டப் பொறுப்பை இது முழுசாக நீக்காது. ஆனால் யார் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்பதற்குச் சாட்சி.

3. வணிக நிகழ்ச்சி என்றால் உரிம நகலைக் கேளுங்க. வரி, மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று என இரண்டும் இருக்கிறதா என்று பாருங்க.

4. நோட்டீஸ் வந்தால் தூக்கிப் போடாதீங்க, உடனே பணமும் கட்டாதீங்க. எந்தப் பாட்டு, அதன் உரிமை உங்களுக்கு எப்படி வந்தது, ஆதாரம் என்ன, பதிவுச் சான்று உண்டா, கட்டணப் பட்டியல் எங்கே என்று எழுத்தில் கேளுங்க. பதிவு பெற்ற சங்கம் கட்டணப் பட்டியலை வெளியிட்டே ஆக வேண்டும். ஆதாரமில்லாமல் மிரட்டினால் எதிர்த்து வழக்குப் போட பிரிவு 60 இடம் தருகிறது.

5. தனிப்பட்ட ஸ்ட்ரீமிங் கணக்கை மேடையில் நம்பாதீங்க. சட்டத்தை விடுங்க, நெட் போனாலே மானம் போயிரும்.

எண்ணூறு பேர் ஆடினாலும் ஒரே ஒரு கணக்கு

கடைசியாக ஒரு விஷயம். மண்டபத்தில் எண்ணூறு பேர் ஒரு பாட்டுக்கு ஆடுகிறார்கள். ஸ்ட்ரீமிங் ஆப்புக்கு அது யாரோ ஒருத்தர் ஹெட்செட்டில் கேட்ட மாதிரிதான். ஒரே ஒரு எண்ணிக்கை. அந்தப் பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் போய்ச் சேர்வது அந்த ஒற்றை எண்ணிக்கைக்கான பங்கு மட்டும். பாட்டை விற்றுவிட்டாலும் இது போன்ற பயன்பாட்டில் ராயல்டி பெறும் உரிமை பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் விட்டுப் போகாது என்று 2012-ல் சட்டத்தைத் திருத்தியதே இதற்காகத்தான். உரிமக் கட்டணம் ஒழுங்காகப் போனால் அதில் ஒரு பங்கு, பேனா பிடித்த அந்தக் கையையும் சேரும்.

அதனால் உரிமமே தேவையில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. அதே நேரம், மூன்று நீதிமன்றம் மூன்று விதமாகச் சொல்லும் ஒரு விஷயத்தை, தனியாளாக லேப்டாப் தூக்கிக்கொண்டு வருபவன் தலையில் கட்டுவதிலும் நியாயமில்லை. ஒரே ஜன்னல், ஒரே ரசீது, சின்ன நிகழ்ச்சிக்குச் சின்னக் கட்டணம். கேட்பது அவ்வளவுதான்.

மாமா மகன் என்ன செய்தான்? ஹோட்டலுக்கு மறுபடி மெசேஜ் போட்டான்: "உரிமம் நீங்க எடுங்க அண்ணாச்சி, அதுக்கு வேணும்னா என் சம்பளத்துல கொஞ்சம் குறைச்சுக்கிடுதேன்." இரண்டு நீல டிக் வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.